பெயர் ஒன்றைத் தவிர

2024 அக்டோபர் 7 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையின் நிர்வாகம் ஓர் ஒப்பந்தத்தை அறிவித்தது. அடுத்த மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை. வேலையில் இருக்கும்போது தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு உடனே ஒரு லட்சம் ரூபாய். ஐந்து தடங்களில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஏ.சி. பஸ் இனி 108 தடங்களுக்கும் வரும். (108 என்றால் நமக்குத் தேங்காயும் ஆம்புலன்சும்தான் ஞாபகம் வரும்; இப்போது கம்பெனி பஸ்ஸும் சேர்ந்துகொண்டது.) ஆலைக்குப் பக்கத்தில் எச்சூரில் பந்தல் போட்டுத் தொழிலாளர்கள் உட்கார்ந்து அப்போது நான்கு வாரம் ஆகியிருந்தது. ஆனால் இந்த ஒப்பந்தம் பந்தலில் இருந்தவர்களோடு போட்டதில்லை. நிர்வாகம் ஏற்றுக்கொண்ட ‘வொர்க்மென் கமிட்டி’யோடு போட்டது. பந்தலில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முதலில் கேட்டது என்னவோ அது மட்டும் அதில் இல்லை. தங்கள் சங்கத்தைச் சங்கம் என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்பதே அவர்கள் கேட்டது.

சங்கத்தை எதிர்க்கும் முதலாளி என்றதும் நமக்குத் தோன்றும் உருவம் ஒன்று உண்டு: சம்பளத்தைப் பிடித்துக்கொள்பவர், கழிப்பறைக்குப் போனால் நேரம் பார்ப்பவர், கஞ்சர். அந்த உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு சாம்சங்கைப் பார்த்தால் எதுவும் புரியாது. தன் சுங்குவார்சத்திரம் ஆலையின் நிரந்தரத் தொழிலாளருக்கு இந்த வட்டாரத்தில் அதே வேலை செய்பவர்களைப்போல 1.8 மடங்கு சம்பளம் தருவதாக நிறுவனம் அப்போது சொன்னது. அந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள் என்று கேட்க இடமிருக்கிறது. ஆனாலும் அது வெறும் தற்காப்புப் பேச்சில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சாம்சங் நம்பிவந்த கொள்கை அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிடு. கேட்கிற வாய் உருவாகாது.

லீ பியுங் சுல் 1938இல் தேகு நகரில் கருவாடும் காய்கறியும் நூடுல்சும் விற்கும் கடையாகச் சாம்சங்கைத் தொடங்கினார். கொரியப் போருக்குப் பிறகு சர்க்கரை, அடுத்து கம்பளித் துணி. அதே தேகுவில் 1954இல் அவர் நிறுவிய சேய்ல் மோஜிக் கம்பளி ஆலையில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்களுக்கு அந்தக் காலக் கொரியாவில் கண்டிராத விடுதி கட்டிக் கொடுத்தார். குளிருக்கு வெந்நீர்க் குழாய்ச் சூடும் சுற்றிலும் தோட்டமும் இருந்தன. 1960 ஏப்ரலில் மாணவர் எழுச்சி சர்வாதிகாரி சிங்மன் ரீயை விரட்டியது. நாடெங்கும் சங்கங்கள் முளைத்த அந்தச் சில மாதங்களில் சேய்ல் மோஜிக் பெண்களும் சங்கம் வைத்தார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். இவ்வளவு செய்து கொடுத்தும் இப்படியா என்ற வடு லீக்கு அங்கேதான் விழுந்தது என்று கொரியத் தொழிலாளர் வரலாறு எழுதுவோர் பலர் சொல்வதுண்டு. தன் கண்ணில் மண் விழும்வரை சங்கத்தை அனுமதிக்க மாட்டேன் என்று அவர் சொன்னதாகக் கொரியர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அங்கே கண்ணில் மண் என்றால் சாவு. நம் ஊரில் கண்ணில் மண்ணைத் தூவுவது ஏமாற்றுவதற்குச் சொல்லும் பேச்சு. பிறகு நடந்தவற்றைப் பார்த்தால் நம் அர்த்தமும் பொருந்தத்தான் செய்கிறது.

அவர் கண்ணில் மண் விழுந்தது 1987 நவம்பரில். அந்த ஆண்டுக் கோடையில்தான் கொரியா முழுவதும் ஆலைகள் கொந்தளித்தன. ஹூண்டாயின் உல்சான் கப்பல் கட்டும் தளம் உட்பட பெரிய தொழில்களில் எல்லாம் சங்கங்கள் நிலைகொண்டன. சாம்சங்கில் நிலைகொள்ளவில்லை. நல்ல சம்பளம் ஒரு காரணம். சட்டத்தில் இருந்த ஓர் ஓட்டை இன்னொரு காரணம். பணத்தைவிட அதுதான் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

ஒரு நிறுவனத்தில் ஒரு சங்கம்தான் இருக்கலாம் என்றது கொரியச் சட்டம். இந்தத் தடை 2011 ஜூலை 1இல்தான் நீங்கியது. தொழிலாளர் ஒற்றுமையைக் காக்கும் ஏற்பாடுபோலத்தான் மேலுக்குத் தெரியும். நடைமுறையில் என்ன ஆனது? நாலு பேர் ரகசியமாகக் கூடிப் பேசி, விண்ணப்பம் எழுதி, நகராட்சி அலுவலகத்துக்குப் போவார்கள். ‘உங்கள் நிறுவனத்தில் ஏற்கெனவே ஒரு சங்கம் பதிவாகியிருக்கிறதே’ என்பார் அலுவலர். யார் தலைவர், எப்போது கூட்டம் நடந்தது என்று அந்த ஆலையில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நம் அரசியலில் லெட்டர்பேடு கட்சி என்கிறோமே, அப்படி ஒரு லெட்டர்பேடு சங்கம். கொரியர்கள் பேய்ச் சங்கம் என்பார்கள். பெயருக்கு உரிய இடத்தில் முன்கூட்டியே ஒரு காகிதத்தை உட்கார வைத்துவிட்டால், பிறகு வரும் மனிதர்களுக்கு அங்கே இடமில்லை. அந்தத் தடை நீங்கப்போகும் சமயத்திலும் இது நின்றுவிடவில்லை. 2011 ஜூலைக்குச் சற்று முன்னால் சாம்சங்கின் கேளிக்கைப் பூங்காவான எவர்லேண்டில் நிர்வாகமே ஒரு சங்கத்தை ஏற்பாடு செய்து முந்திக்கொண்டது. பின்னால் ஒரு நீதிமன்றமே இதை உறுதிசெய்தது.

சங்கத்துக்குப் பதில் எதையாவது வைக்கவும் வேண்டுமல்லவா? அதற்கு உதவியது 1980இல் சுன் டூ ஹ்வானின் ராணுவ ஆட்சி கொண்டுவந்த தொழிலாளர்-நிர்வாக ஆலோசனைக் குழுச் சட்டம். குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் உண்டு, கூட்டம் உண்டு, சாப்பாடு நன்றாக இல்லை, பஸ் பற்றவில்லை என்று சொல்ல வழி உண்டு. வேலைநிறுத்தம் செய்யும் உரிமை மட்டும் குழுவுக்குக் கிடையாது. கேட்கலாம், மறுத்தால் திரும்பிப் போகலாம். சுங்குவார்சத்திரத்தின் வொர்க்மென் கமிட்டி எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்பது இப்போது தெரிந்திருக்கும். நம் தொழில் தகராறுச் சட்டத்திலும் நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் வொர்க்ஸ் கமிட்டி வைக்கச் சொல்லும் பிரிவு இருந்தது. ஆனால் அது சங்கத்துக்கு மாற்றாக எழுதப்பட்டது அல்ல.

கொடுப்பதும் முந்திக்கொள்வதும் பலிக்காத இடத்தில் மூன்றாவது முறை ஒன்று இருந்தது. 2004இல் சாம்சங் எஸ்.டி.ஐ. என்ற குழும நிறுவனத்தின் தொழிலாளர்கள் சிலரின் செல்போன்களை யாரோ நகலெடுத்து, அவர்கள் எங்கே போகிறார்கள், யாரைப் பார்க்கிறார்கள் என்று இடம் கண்டறிந்துகொண்டிருந்தது அம்பலமானது. அவர்களில் பலர் சங்கம் வைக்க முயன்றவர்கள். செய்தது யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி விசாரணை கிடப்பில் போடப்பட்டது. 2013 அக்டோபரில் நாடாளுமன்ற உறுப்பினர் சிம் சாங் ஜுங் ஓர் ஆவணத்தை வெளியிட்டார். 2012ஆம் ஆண்டுக்கான ‘எஸ் குழுமத் தொழிலுறவு உத்தி’ என்ற தலைப்பில் நூற்றைம்பது பக்க அளவில் இருந்தது அது. யாரைப் ‘பிரச்சினை ஆள்’ என்று குறித்துவைப்பது, சங்கம் முளைத்தால் எப்படி நொறுக்குவது என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. அது தங்களுடையது இல்லை என்றது நிறுவனம்.

அதே ஆண்டு ஜூலையில் சாம்சங் சர்வீஸ் சென்டர் தொழிலாளர்கள் சங்கம் வைத்திருந்தார்கள். வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜும் டி.வி.யும் பழுது பார்க்கிறவர்கள். சாம்சங் சட்டை போட்டவர்கள், ஆனால் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். இவர்கள்மீது நடந்த நடவடிக்கைக்கு உள்ளே வைத்த பெயர் ‘பசுமையாக்கம்’. ஒரு சென்டரில் சங்க உறுப்பினர் ஒருவரும் இல்லாமல் ஆகிவிட்டால் அந்த இடம் பசுமை. மரம் நடும் விழாவுக்கு வைக்கிற பெயர். சங்கம் வலுவாக இருந்த சென்டர்கள் சில மூடப்பட்டன. 2014 மே மாதம் யாங்சான் கிளைச் சங்கத்தின் தலைவர் தற்கொலை செய்துகொண்டார். போராட்டம் வென்ற பிறகே தன் இறுதிச் சடங்கு நடக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். சோலில் இறுதி அஞ்சலி நடந்துகொண்டிருந்தபோது சுமார் முந்நூறு போலீசார் வந்து உடலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சங்கம் நடத்தும் சடங்கு வேண்டாம், குடும்பமே நடத்தட்டும் என்று தந்தையைச் சம்மதிக்க வைக்கப் பணம் கொடுக்கப்பட்டது பிறகு வழக்கில் வெளிவந்தது. கொடுத்தே முடித்துவிடுவது என்ற கொள்கை போய்ச் சேரும் கடைசி இடம் அதுதான் போலும்.

உண்மை வெளிவந்த விதம் தற்செயல். முன்னாள் அதிபர் லீ மியுங் பாக்கின் ஊழல் வழக்குக்காக 2018 பிப்ரவரியில் சாம்சங்கைச் சோதனையிட்ட அரசு வழக்கறிஞர்களின் கையில் சங்க ஒழிப்பு பற்றிய சுமார் ஆறாயிரம் கோப்புகள் சிக்கின. 2019 டிசம்பரில் நாலே நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள் வந்தன: முதலில் எவர்லேண்ட் வழக்கில், அடுத்து சர்வீஸ் சென்டர் வழக்கில். இரண்டாவதில் சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் இயக்குநர் குழுவின் தலைவர் லீ சாங் ஹூனுக்கு ஒன்றரை ஆண்டு சிறை, நீதிமன்றத்திலேயே கைது. ஆனால் அந்தக் கோப்புகளை எடுத்தது வேறு வழக்குக்கான வாரண்டில். அதனால் அவை அவருக்கு எதிராகச் சாட்சியமாகாது என்று மேல்முறையீட்டில் விடுதலையானார், உச்ச நீதிமன்றமும் 2021இல் அதை உறுதி செய்தது. குற்றம் நடக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மற்ற அதிகாரிகள் பலரின் தண்டனை நிலைத்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது சோலின் கங்னம் சந்திப்பில், சாம்சங் அலுவலகங்கள் எதிரே நிற்க, போக்குவரத்துக் கேமரா கோபுரம் ஒன்றின் உச்சியில் ஒருவர் குடியிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சங்கம் வைக்க முயன்று வேலையிழந்தவர். 2019 ஜூனில் ஏறினார். கால் நீட்டிப் படுக்க முடியாத வட்டத் தட்டு, கீழே இரவும் பகலும் பேருந்துச் சத்தம். வேலையில் இருந்திருந்தால் அவர் அறுபது வயதில் ஓய்வுபெற்றிருக்க வேண்டிய நாளும் அந்தத் தட்டின்மேலேயே கழிந்தது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2020 மே 29இல் இறங்கினார்.

அவர் இறங்குவதற்கு மூன்று வாரம் முன்னால், மே 6 அன்று, நிறுவனரின் பேரன் லீ ஜே யோங் கேமராக்கள் முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். இனிச் ‘சங்கமில்லா நிர்வாகம்’ என்ற பேச்சு சாம்சங்கில் வராது என்றார். அப்போது அவர்மீது லஞ்ச வழக்கின் மறுவிசாரணை நடந்துகொண்டிருந்தது; அந்த நீதிமன்றம் கேட்டதால் அமைக்கப்பட்ட கண்காணிப்புக் குழுதான் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருந்தது. மனம் மாறினாரா, வழக்கறிஞர்கள் மாற்றினார்களா என்று நாம் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. மன்னிப்புக்குப் பின்னும் சங்கங்கள் சிறியனவாகவே இருந்தன என்பது மட்டும் தெரியும்.

பெரிதாக்கியது வேறொன்று. 2023இல் சாம்சங்கின் சிப் பிரிவு ஏறத்தாழ 15 லட்சம் கோடி வான் நட்டம் கண்டது. நல்ல ஆண்டுகளில் ஆண்டுச் சம்பளத்தில் பாதிவரை போனசாக வாங்கிப் பழகிய பொறியாளர்களுக்கு அந்த ஆண்டுக்குப் பூஜ்யம். போனஸ் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. அடுத்த சில மாதங்களில் தேசிய சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சங்கத்தில் ஆட்கள் குவிந்தார்கள்; 2024 ஜூலையில் முப்பதாயிரத்தை ஒட்டிய உறுப்பினர்கள், கொரியப் பணியாளர்களில் கால்வாசி. ஜூலை 8இல் மூன்று நாள் வேலைநிறுத்தம் என்று தொடங்கிக் காலவரையற்றது என்று நீட்டினார்கள். 1969இல் தொடங்கிய நிறுவனத்தில் அதற்கு முந்தைய மாதம் ஒரே ஒரு நாள் விடுப்பெடுத்துச் செய்ததைத் தவிர அதுவே முதல் வேலைநிறுத்தம். கொடுத்து வந்தவரை யாருக்கும் கணக்குக் கேட்கத் தோன்றவில்லை. கொடுப்பது நின்ற ஆண்டில்தான் கணக்கு தங்களிடம் இல்லை என்பது கண்ணில் பட்டது. கொரியச் சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் இருப்பதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 9இல், சுங்குவார்சத்திரம். 2007 முதல் ஓடும் ஆலை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி. சாம்சங்கின் இந்திய வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இங்கிருந்து வருவதாகச் சொல்லப்பட்டது. 1,800 பேர் அளவில் தொழிலாளர்கள், தொடக்கம் முதல் சங்கம் கிடையாது. ஒவ்வொரு பொருளையும் பத்துப் பதினைந்து விநாடிக்குள் முடிக்கச் சொல்லி நெருக்குகிறார்கள், நாலைந்து மணி நேரம் நகர விடுவதில்லை என்றது தொழிலாளர் தரப்பு, நிறுவனம் மறுத்தது. சராசரிச் சம்பளம் 25,000 ரூபாய்; மூன்றாண்டில் 36,000 வேண்டும் என்று கேட்டார்கள். ஆனால் கோரிக்கைப் பட்டியலின் தலையில் இருந்தது சி.ஐ.டி.யு. துணையோடு அவர்கள் தொடங்கிய ‘சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்க’த்தின் அங்கீகாரம்.

அந்தப் பெயரில்தான் சிக்கல் வந்தது. பதிவாளரிடம் விண்ணப்பம் போனதும் நிறுவனம் ஆட்சேபித்தது: ‘சாம்சங்’ எங்கள் வணிகப் பெயர், அதைச் சங்கம் பயன்படுத்தக் கூடாது. அப்போது நடைமுறையில் இருந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், பெயர் பற்றிப் பதிவாளர் பார்க்க வேண்டியதாகச் சொல்லப்படுவது ஏற்கெனவே பதிவான வேறொரு சங்கத்தின் பெயரோடு குழப்பம் வருமா என்பதைத்தான். முதலாளியின் பெயரை வைக்கக் கூடாது என்று அதில் இல்லை. இங்கே ஹூண்டாய் பெயரில் சங்கம் உண்டு. ஆலை இருக்கும் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கொடிக்கம்பங்களில் இன்னும் எத்தனையோ கம்பெனிப் பெயர்களைப் படிக்கலாம். சங்கம் வாஷிங் மெஷின் விற்கப்போவதில்லை. எங்கே வேலை செய்கிறேன் என்று சொல்ல வேறு என்ன சொல்லைத்தான் ஒருவர் பயன்படுத்துவது?

நிறுவனத்தின் இன்னொரு ஆட்சேபம் வெளியாள். எங்கள் தொழிலாளர்களோடு நாங்கள் நேரடியாகப் பேசுகிறோம், நடுவில் ஓர் அரசியல் கட்சியின் சங்கம் எதற்கு என்ற கேள்வி. அப்போது சங்கத்தின் தலைவராக இருந்தவர் ஆலைத் தொழிலாளி இல்லை, சி.ஐ.டி.யு. மாவட்ட நிர்வாகி முத்துக்குமார். இந்தக் கேள்வியைச் சென்னை ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறது. 1918 ஏப்ரல் 27இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் தலைவர் பி.பி.வாடியா, துணைத் தலைவர் திரு.வி.க. இருவரும் தறியில் நின்றவர்கள் அல்லர். செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் போய் அழைத்ததால் வந்த வெளியாட்கள். 1920இல் பின்னி நிர்வாகம் வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கியது. வாடியா சங்கத்தை விட்டு விலகினால் வழக்கைத் தொடர்வதில்லை என்ற நிலைக்கு வந்து முடிந்தது அது. தொழிலாளர் பக்கம் நின்று பேசினாலே வழக்கு வரும் என்ற அந்த அதிர்ச்சிதான் மத்திய சட்டசபையில் என்.எம்.ஜோஷியின் தீர்மானமாகி, 1926ஆம் ஆண்டுச் சட்டமானது. சங்க நிர்வாகத்தில் ஒரு பங்கு வெளியாட்கள் இருக்கலாம் என்று அந்தச் சட்டம் இடம் விட்டது தற்செயலாக அல்ல. ஆலைக்குள் இருக்கும் தலைவரை நாளைக் காலையே சஸ்பெண்ட் செய்யலாம். வெளியாளை அப்படிச் செய்ய முடியாது.

அரசாங்கம் நடந்துகொண்ட முறை யாருக்கும் பெருமை தரவில்லை. மூன்று அமைச்சர்கள் பேச்சு நடத்தினார்கள். அக்டோபர் 7 ஒப்பந்தத்தை வெற்றி என்று அறிவித்தார்கள். ஓரிரு நாளில் எச்சூர்ப் பந்தல் பிரிக்கப்பட்டது, தொழிலாளர்கள் கைதாகி விடுதலையானார்கள். இதற்குப் பின்னால் இருந்த அச்சத்தை நான் கேலி செய்யமாட்டேன். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடியபோது ஸ்ரீபெரும்புதூரின் வீட்டு வாடகையும் டீக்கடை வியாபாரமும் எப்படிப் படுத்தன என்று அந்த ஊருக்குத் தெரியும். ஆனால் நோக்கியாவை மூடவைத்தவை வரி வழக்கும் மைக்ரோசாஃப்ட் கைமாற்றமும், சங்கமல்ல. முதலீடு போய்விடும் என்ற பயத்தைத் தொழிலாளர் தலையில் மட்டும் இறக்குவது நமக்குப் பழகிப்போய்விட்டது.

37 நாளுக்குப் பிறகு, பழிவாங்கல் இருக்காது என்ற உறுதியோடு, அக்டோபர் 15இல் வேலைநிறுத்தம் முடிந்தது. சங்கப் பதிவு பற்றிய வழக்கு உயர் நீதிமன்றத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வாரத்துக்குள் முடிவெடுக்கும்படி பதிவாளருக்கு உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, விண்ணப்பித்து ஏறத்தாழ ஏழு மாதம் கழித்து, 2025 ஜனவரி 27இல் சங்கம் பதிவானது, சாம்சங் என்ற பெயரோடே. பத்து நாள்கூட ஆகவில்லை, சங்க நிர்வாகிகள் மூவரை நிர்வாகம் சஸ்பெண்ட் செய்தது. பிப்ரவரி 5 முதல் சுமார் ஐந்நூறு பேர் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த ஒரு மாதம் மறுபடியும் போராட்டம்.

மே மாதம் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் முன்னிலையில் மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தம் வந்தது. மாதச் சம்பளம் மூன்றாண்டில் 18,000 ரூபாய் ஏறும். எச்சூர்ப் பந்தலில் கேட்ட 36,000 என்ற கணக்கின்படி பார்த்தால் அவர்கள் கேட்டிருந்த உயர்வு 11,000.